ஒரு மணி நேரம் பின்தங்கிய ரேடியோ கடிகாரம்

மியூனிக்கில் எங்கள் சமையலறையில் மாட்டியிருந்த ரேடியோ கடிகாரம், கடிகாரங்களை ஒரு மணி நேரம் முன்னே தள்ளும் கோடை நேரம் தொடங்கிய பிறகும் பழைய நேரத்தையே காட்டியது. பிராங்க்பர்ட் அருகே மைன்பிளிங்கனிலிருந்து 77.5 கிலோஹெர்ட்ஸில் வரும், சரியான நேரத்தைச் சொல்லும் டிசிஎஃப்77 வானொலிச் சமிக்ஞைதான் அதற்கு உயிர். புது பேட்டரி போட்டதும் முட்கள் பன்னிரண்டில் போய் நின்றன. சமிக்ஞை கிடைக்காமல் அங்கிருந்தே ஓடின. என் சந்தேகம் அலமாரி அடியில் இருந்த எல்இடி விளக்கின் அடாப்டர் மீது விழுந்தது. மலிவான அடாப்டர்கள் இந்த அலைவரிசையில் இரைச்சலைக் கொட்டும். கம்பி நிறைந்த கான்கிரீட் சுவரும் அலையை மங்கச் செய்யும்.

விளக்கை அணைத்தேன். கடிகாரத்தை மைன்பிளிங்கன் இருக்கும் திசையான வடமேற்கு ஜன்னலோரம் வைத்து, பேட்டரியை எடுத்து மீண்டும் போட்டு, இரவு முழுவதும் தொடாமல் விட்டேன். இரவில் இத்தகைய நெட்டலை (நீண்ட வானொலி அலை) தெளிவாக வரும். விடிந்தபோது நொடி பிசகவில்லை, அவ்வளவு மகிழ்ச்சி! இப்போது அதை அடாப்டருக்கு எட்டாத எதிர்ச்சுவரில் மாட்டியிருக்கிறேன்.