இறங்குவதற்குத்தான் சங்கிலி

எங்கள் வீட்டுப் பாதை 150 மீற்றர் சரளைக்கல் பாதை. கடைசி 40 மீற்றர் வீதியை நோக்கிச் சரிந்து போகும். ஒன்ராறியோவில் ஓவன் சவுண்ட் பக்கம். ஜோர்ஜியன் குடாவிலிருந்து காற்று திரும்பினால் ஒரே இரவில் முழங்காலளவு பனி கொட்டிவிடும். மனைவிக்குக் காலை ஆறு மணிக்கு வேலை. ஆகவே பனி தள்ள நாலரைக்கே நான் மிசினில் ஏறிவிடுவேன். குபோட்டா பிஎக்ஸ் என்ற சின்ன உழவு மிசின் (ட்ராக்டர்), நான்கு சில்லும் இழுக்கும், முன்னால் வாளி.

நான்கு சில்லும் இழுக்கும்போது, சறுக்காமல் இருக்க ரயரில் சுற்றும் சங்கிலி எதற்கு என்று முதல் வருடம் நானும் நினைத்தேன். ஏறுவதற்கு உண்மையில் பெரிதாகத் தேவைப்படவும் இல்லை. ஜனவரியில் ஒருநாள் மழை பெய்து உறைந்திருந்தது. வாளி நிறையப் பனியோடு சரிவில் இறங்கிப் பிறேக்கை மிதித்தேன். பின் சில்லுகள் நின்றன, மிசின் நிற்கவில்லை. தபால் பெட்டியைத் தாண்டி நடுவீதியில் போய்த்தான் நின்றது. நல்ல காலம், அந்த நேரம் ஒரு வாகனமும் வரவில்லை.

இப்படியான சின்ன மிசின்களில் பெரும்பாலும் பிறேக் பின் சில்லுகளுக்குத்தான். வாளியில் பாரம் ஏறினால் பின்பக்கம் இலேசாகிவிடும்; பிடிக்க வேண்டிய சில்லு தரையை அழுத்தாது. அதனால் சங்கிலி முதலில் பின்னுக்கு. முன்னுக்கு மட்டும் போட்டால் இறக்கத்தில் பின்பக்கம் சுழன்றுகொண்டு உங்களை முந்தப் பார்க்கும்.

வாங்கும்போது ரயரின் பக்கத்தில் இருக்கும் அளவை அப்படியே எழுதிக்கொண்டு போங்கள். என்னுடையது 26x12.00-12, புல்தரை ரயர். இதற்கு ஏணி மாதிரியான சங்கிலி போதும், ஆனால் பக்கச் சங்கிலியில் இரண்டு கண்ணிக்கு ஒரு குறுக்குச் சங்கிலி இருக்க வேண்டும். நான்கு கண்ணிக்கு ஒன்று என்பது மலிவுதான். ஒருகணம் சங்கிலி, மறுகணம் வெறும் ரயர் என்று குலுக்கி எடுத்துவிடும். உயர்ந்த வரிகள் உள்ள உழவு ரயர் என்றால் ஏணி வகை வேண்டாம். குறுக்குச் சங்கிலி வரிகளுக்கு இடையில் விழுந்து ஒளிந்துகொள்ளும். வலைபோலப் பின்னியதை வாங்குங்கள். காசு கொடுக்க முன்னர் ரயருக்கும் மட்காட்டுக்கும், ரயருக்கும் பின்னால் கருவி கொளுவும் கைகளுக்கும் இடைவெளி எவ்வளவு என்று அளந்து பாருங்கள். சங்கிலி சுழலும்போது கொஞ்சம் வெளியே எகிறும், அதற்கும் இடம் விடுங்கள்.

சேற்று வயலுக்கு அப்பா மாசி பெர்குசன் உழவு மிசினில் இரும்புச் சில்லு பூட்டுவார். அதுவும் இதே பிரச்சினைதான், குளிர் மட்டும் இல்லை.

பூட்டுவதை நவம்பரில், விரல் விறைக்க முன்னரே செய்துவிடுங்கள். சமதரையில் நிறுத்தி, வாளியை நிலத்தில் இறக்கி, கைப்பிறேக் போட்டு, திறப்பைச் சட்டைப்பையில் வையுங்கள். சங்கிலியை நிலத்தில் விரித்து முறுக்கெல்லாம் எடுங்கள். குறுக்குச் சங்கிலியின் கொளுக்கி வாய்கள் வெளிப்பக்கம் பார்க்க வேண்டும். நான் முதல்தடவை மாறிப் போட்டு ரயர் முழுக்கக் கீறல். ரயரின் மேல் போர்த்து, ஒரு நுனியைச் சில்லின் முன்னால் நிலத்தோடு செருகி, மிசினை மெதுவாக அதன்மேல் ஏற்றுங்கள். மறுபடியும் நிறுத்திவிட்டுத்தான் கையை உள்ளே விட வேண்டும். உள்பக்கம் முதலில், பிறகு வெளிப்பக்கம்.

தொளதொளவென்றிருந்தால் போட்டும் பிரயோசனமில்லை. காற்றைக் கொஞ்சம் இறக்கிவிட்டுப் பூட்டி, பிறகு அடித்தால் நன்றாக இறுகும். பாரத்துக்காக ரயருக்குள் திரவம் நிரப்பியிருந்தால் வால்வை மேலே கொண்டுவந்துவிட்டுத் திறங்கள், இல்லாவிட்டால் முகத்தில்தான் பீச்சும். முன்னும் பின்னுமாக 100 மீற்றர் ஓட்டிவிட்டு, இறங்கி இன்னும் ஒரு கண்ணி இறுக்குங்கள். மிஞ்சிய நுனியைக் கம்பியால் கட்டிவிடுங்கள், இல்லையென்றால் மட்காட்டை அடித்தே நெளித்துவிடும். சங்கிலியை மேலே இழுத்துப் பிடிக்கும் றப்பரில் தடித்த கறுப்பைத் தெரிவுசெய்யுங்கள். சைக்கிளுக்குக் கட்டும் இழுவை நாடா குளிரில் இரண்டே நாளில் அறுந்தது.

ஓட்டும்போது நான்கு சில்லு இழுவையை இறக்கத்திலும் கழற்றாதீர்கள். அப்போதுதான் முன் சில்லுகளும் சேர்ந்து மறிக்கும். மெதுவான கியர், வாளி தாழ்வாக, பின்னால் ஏதாவது பாரம். எனக்குக் கொங்கிறீற் நிரப்பிய பெட்டி. அப்படியும் சறுக்கினால் வாளியை நிலத்தில் குத்துங்கள், அதைவிட நல்ல பிறேக் அந்த நேரத்தில் இல்லை. கராஜ் வாசலில் மட்டும் நின்ற இடத்தில் திருப்பாதீர்கள். எங்கள் கொங்கிறீற்றில் இரண்டு அரைவட்டம் இன்னும் இருக்கிறது, மனைவி வரும் ஆட்களுக்கெல்லாம் காட்டுவார்.

ஏப்ரலில் கழற்றி, உப்புப் போகக் கழுவி, காயவைத்து, பழைய எண்ணெய் தடவிக் கொட்டிலில் தொங்கவிடுவேன். வெளிப்பக்கக் கொளுக்கிகளில் சிவப்புப் பெயின்ற் பூசி வைத்திருக்கிறேன். நவம்பரில் எந்தப் பக்கம் என்று தலையைச் சொறிய வேண்டியதில்லை.