பங்குச் சந்தை சரியும் நாளுக்கு முன்பே செய்து வைக்க வேண்டியவை

ஈரோட்டில் மஞ்சள் விலை இறங்கிக் கிடக்கும் ஆண்டுகளில், ஒரே ஊர்க்காரர் இருவரில் ஒருவர் மூட்டைகளைக் கிடங்கில் அடுக்கிவிட்டு அடுத்த வெள்ளாமையைப் பார்க்கப் போவதையும், மற்றவர் கிடைத்த விலைக்குத் தள்ளிவிட்டுத் திரும்புவதையும் பார்க்கலாம். முன்னவருக்கு நெஞ்சுரம் அதிகம் என்று சொல்வதற்கில்லை. அவருக்குக் கட்ட வேண்டிய தவணை இல்லை, வீட்டில் அந்த ஆண்டு கல்யாணம் இல்லை, பால் காசு கைச்செலவுக்குப் போதுகிறது, அவ்வளவுதான். பங்குகளில் நீண்ட காலத்துக்குப் பணம் போடுகிறவரின் நிதானமும், என் கணிப்பில், பெரும்பாலும் இவ்வாறு முன்கூட்டியே செய்துகொண்ட ஏற்பாட்டிலிருந்துதான் வருகிறது.

ஆகவே முதலில், எந்தப் பணம் எப்போது தேவைப்படும் என்று பிரித்து எழுதுங்கள். ‘நீண்ட காலம்’ என்றால் ஐந்து ஆண்டு என்று பலர் மனக்கணக்குப் போடுகிறார்கள், அது போதாது. 2008 ஜனவரி 8 அன்று 20,873 புள்ளிகளில் முடிந்த மும்பைப் பங்குச் சந்தைக் குறியீடான சென்செக்ஸ், 2009 மார்ச் 9 அன்று 8,160 புள்ளிகளில் முடிந்தது. சுமார் 61 விழுக்காடு வீழ்ச்சி. 2010 நவம்பரில் பழைய உச்சத்தைத் தொட்டுவிட்டு மறுபடியும் இறங்கி, 2013 இறுதியில்தான் அதைத் தாண்டியது. உச்சத்தில் மொத்தமாகப் பணம் போட்டு, ஐந்தாம் ஆண்டில் மகளின் கல்லூரிக் கட்டணத்துக்கு எடுக்க நினைத்தவருக்கு, ஈவுத்தொகையைத் தவிர வேறு ஆதாயம் எதுவும் மிஞ்சியிருக்காது. ஏழு ஆண்டுக்குள் தேவைப்படும் பணத்தைப் பங்குகளில் வைக்காமல் வங்கி வைப்புநிதியில் வைப்பதே என் பழக்கம்.

அவசரத்துக்கென ஒதுக்கும் கைக்காப்புப் பணம் ஆறு மாதச் செலவுக்கு இருந்தால் போதும் என்று பொதுவாகச் சொல்வார்கள். மாதச் சம்பளக்காரருக்கு அது பொருந்தும். திருப்பூரில் பனியன் தைத்துக் கொடுப்பவருக்கோ, கரூரில் வீட்டு உபயோகத் துணி ஏற்றுமதி செய்பவருக்கோ பொருந்தாது. ஏனெனில் வெளிநாட்டில் மந்தம் வந்தால் பங்கு விலையும் ஆர்டரும் சேர்ந்தே சரியும். 2020 ஊரடங்கில் தறியும் தையலும் நின்றபோது சந்தையும் தரையில் கிடந்தது. இத்தகைய தொழிலில் இருப்பவர்கள், கூலி பாக்கியையும் சேர்த்துக் கணக்கிட்டு, ஓராண்டுக்கான தொகையை வங்கியில் வைத்திருப்பது நல்லது.

நகையை அடகு வைத்தோ, தரகு நிறுவனம் தரும் கடனிலோ பங்கு வாங்கக் கூடாது. விலை இறங்கியதும் தரகு நிறுவனத்தார் கூடுதல் பணம் கேட்பார்கள். கொடுக்க முடியாவிட்டால் உங்கள் பங்கை அவர்களே விற்றுவிடுவார்கள். எப்போது விற்பது என்ற முடிவு அப்போது உங்கள் கையில் இருக்காது.

அடுத்ததாக, சரிவில் என்ன செய்வது என்பதைச் சந்தை நன்றாக இருக்கும்போதே எண்களாக எழுதி, வீட்டில் துணைவரிடமும் காட்டிவிடுங்கள். எடுத்துக்காட்டாக, பத்து லட்சத்தில் ஆறு லட்சம் பங்குகளிலும் நான்கு லட்சம் வைப்புநிதியிலும் இருக்கட்டும். பங்குகள் 30 விழுக்காடு இறங்கினால் அவை 4.2 லட்சமாகவும் மொத்தம் 8.2 லட்சமாகவும் ஆகும், பழையபடி பங்குகள் அறுபது விழுக்காடாக இருக்க 4.92 லட்சம் வேண்டும் என்பதால், வைப்புநிதியிலிருந்து 72,000 ரூபாயைப் பங்குகளுக்கு மாற்ற வேண்டும். பயத்தில் இருப்பவர் யோசித்து இந்த வேலையைச் செய்ய மாட்டார். தாளில் இருந்தால் ஒருவேளை செய்வார்.

சரியும் நாளன்று செய்ய வேண்டியது மிகக் குறைவு. 2020 மார்ச் 23 அன்று பத்து விழுக்காடு வீழ்ச்சியில் வணிகமே 45 நிமிடம் நிறுத்தப்பட்டது. அப்படியும் சென்செக்ஸ் 3,934 புள்ளிகள் இழந்து 25,981இல் முடிந்தது. அந்த ஆண்டு முடிவதற்குள் அது 47,000ஐக் கடந்தது. பரஸ்பர நிதிக்கு மாதாமாதம் பிடிக்கப்படும் எஸ்.ஐ.பி. தொகையை அந்த வாரத்தில் நிறுத்தியவர்கள், மலிவாகக் கிடைத்த யூனிட்டுகளைத்தான் இழந்தார்கள். எல்லாச் சரிவும் இவ்வளவு விரைவாக மீளும் என்று எதிர்பார்க்க வேண்டாம். ஜப்பானின் பங்குக் குறியீடான நிக்கேய் 1989இன் உச்சத்தைத் தாண்ட 2024 ஆனது. ஒரே நாட்டை, ஒரே துறையை மட்டும் நம்பாமல் இருப்பதற்கு அது போதிய காரணம்.

கிடங்கு உவமை ஓர் இடத்தில் உதவாமல் போகும். அதையும் சொல்லிவிட வேண்டும். வண்டு விழுந்த மூட்டையை எத்தனை ஆண்டு வைத்திருந்தாலும் விலை வராது. சென்செக்ஸ் போன்ற குறியீட்டிலுள்ள பங்குகளை அப்படியே வாங்கி வைக்கும் குறியீட்டு நிதி வைத்திருப்பவருக்கு இந்தக் கவலை குறைவு, ஏனெனில் நலிந்த நிறுவனம் காலப்போக்கில் குறியீட்டுப் பட்டியலிலிருந்து நீக்கப்படும். தனிப் பங்கு வைத்திருப்பவர், கடன் ஏறிக்கொண்டே போகிறதா, நிறுவனர்கள் தங்கள் பங்கை அடகு வைத்திருக்கிறார்களா, லாபம் கணக்கில் மட்டும் இருந்து கையில் பணமாக வராமல் நிற்கிறதா என்பதை ஆண்டறிக்கையில் பார்க்க வேண்டும். அப்படிப்பட்ட பங்கைச் சரிவிலும் விற்கலாம். உரிய தேதிக்குள் வருமான வரிக் கணக்கைத் தாக்கல் செய்தால், அந்த மூலதன நட்டத்தை எட்டு ஆண்டுகள் வரை முன்னெடுத்துச் சென்று பிந்தைய மூலதன ஆதாயத்தில் கழித்துக்கொள்ள முடியும்.