அளவியல் சொற்களைச் செர்பிய மொழிக்கு மாற்றும்போது

அளவுக் கருவிகளின் கையேடுகளை ஆங்கிலத்திலிருந்து செர்பிய மொழிக்கு மாற்றுவது என் வேலை. இந்தத் துறைக்குப் புதிதாக வருகிறவர்களிடம் நான் முதலில் சொல்வது, அகராதியைக் கொஞ்ச நேரம் மூடி வையுங்கள் என்பதுதான். அந்த வாக்கியத்தில் எதை அளக்கிறார்கள், கருவிக்கு என்ன நடக்கிறது என்று புரிந்த பிறகு சொல்லைத் தேடுங்கள்.

காலிபிரேஷனையே எடுத்துக்கொள்வோம். தமிழில் நாம் 'அளவுத்திருத்தம்' என்று பழகிவிட்டதால், ஏதோ திருத்துகிறார்கள் என்றே மனம் நினைக்கும். சர்வதேச அளவியல் சொற்றொகுதியின் மூன்றாம் பதிப்பு அப்படிச் சொல்லவில்லை. கருவி காட்டும் மதிப்பை, தெரிந்த அளவோடு ஒப்பிட்டு, இரண்டுக்கும் உள்ள உறவை நிச்சயமின்மையோடு, அதாவது மதிப்பு எவ்வளவு விலகியிருக்கலாம் என்பதோடு, நிறுவுவதுதான் காலிபிரேஷன். செர்பியத்தில் அது 'எதலொனிரான்யே'. கருவியைத் தொட்டுச் சரிசெய்வது 'பொதெஷாவான்யே'. சட்டப்படி சோதித்து முத்திரையிடுவது 'ஓவெராவான்யே'. கையேட்டை எழுதியவரே இவற்றைக் கலந்திருப்பார். "பூஜ்ஜியம் வரும்வரை திருகைத் திருப்பி காலிபிரேட் செய்க" என்று இருந்தால், தயங்காமல் 'பொதெஷாவான்யே' போடுங்கள். 'கலிப்ராத்ஸியா' என்ற சொல்லும் பேச்சில் உண்டு. ஆய்வகச் சான்றிதழில் நான் அதை ஏற்பதில்லை.

'ஸ்டாண்டர்ட்' என்பதையும் இப்படியே பிரியுங்கள். ஒப்பிட வைத்திருக்கும் எடைக்கல் என்றால் 'எதலோன்', விதிகள் அடங்கிய ஆவணம் என்றால் 'ஸ்தாந்தார்த்'. துல்லியத்துக்கும் இரண்டு சொல் உண்டு: உண்மை மதிப்புக்கு நெருக்கம் 'தாச்னொஸ்த்', திரும்பத் திரும்ப அளந்தாலும் மதிப்புகள் ஒன்றுக்கொன்று நெருங்கியிருப்பது 'ப்ரெத்ஸீஸ்னொஸ்த்'. 'ஸ்கேல்' தராசானால் 'வாகா', வரைபடத்தில் 'ராஸ்மெரா', முகப்பிலுள்ள கோடுகளானால் 'ஸ்காலா'.

எதிர்த்திசையிலும் பொறி உண்டு. செர்பியத்தில் 'நாபொன்' என்பது மின்னழுத்தம், பொருளுக்குள் எழும் தகைவு இரண்டுக்கும் பொது. இரண்டும் ஒரே பக்கத்தில் வந்தால், மின்சாரம் சார்ந்ததா இயந்திரம் சார்ந்ததா என்று அடைமொழி சேர்த்துவிடுங்கள்.

பழைய மொழிபெயர்ப்புகளைச் சேமித்துவைத்திருக்கும் மொழிபெயர்ப்பு நினைவகத்தில் குரோவேஷியச் சொற்கள் நுழைந்திருக்கும். அழுத்தத்துக்கு 'த்லாக்' இருந்தால் 'ப்ரீதிஸாக்', அளவீட்டுக்கு 'ம்யேரென்யே' இருந்தால் 'மேரென்யே' என்று மாற்றுங்கள். சந்தேகம் வந்தால் தேடல் முடிவுகளின் எண்ணிக்கையை நம்பாமல், செர்பியாவின் தேசியத் தரநிலைகளான எஸ்ஆர்பிஎஸ் ஆவணங்களையும், 2016-ஆம் ஆண்டின் அளவியல் சட்டத்தையும், பெல்கிரேடிலுள்ள அளவைகள், விலையுயர்ந்த உலோகங்கள் இயக்ககத்தின் ஆவணங்களையும் பாருங்கள்.

சொல்லைவிட எண் ஆபத்தானது. செர்பியத்தில் தசமத்துக்குக் காற்புள்ளி, ஆயிரத்துக்குப் புள்ளி. ஆங்கிலத்தில் 2.500 மில்லிமீட்டர் என்பதை அப்படியே விட்டால், படிக்கிறவர் இரண்டாயிரத்து ஐந்நூறு என்று எடுத்துக்கொள்வார். பில்லியன் அங்கே 'மிலியார்தா'. 'பிலியோன்' என்றால் ஆயிரம் மடங்கு பெரிது. குதிரைத்திறனும் ஒன்றல்ல: ஆங்கில அளவில் 100 என்றால் 74.6 கிலோவாட், செர்பியாவின் மெட்ரிக் 'கோன்ஸ்கா ஸ்நாகா' 100 என்றால் 73.5. அதனால் கிலோவாட்டிலேயே எழுதுவது என் வழக்கம். அழுத்தத்தில், வளிமண்டல அழுத்தத்தைக் கழித்த மதிப்பா, முழு மதிப்பா என்று மூலத்தில் உறுதிசெய்யாமல் அலகை மாற்றாதீர்கள். முதலாவது 'நாத்ப்ரீதிஸாக்'.

எண்ணுக்கேற்ப அலகின் பெயரும் உரு மாறும். மீட்டர் என்றால் 1 மேதார், 2 மேத்ரா, 5 மெதாரா, 21-க்கு மறுபடி மேதார். மென்பொருள் திரையில் எண் மாறிக்கொண்டே இருக்கும் இடங்களில் முழுப்பெயரைத் தவிர்த்துக் குறியீட்டை மட்டும் போடுங்கள்.

லத்தீன் எழுத்தில் உள்ள கோப்பை, செர்பியத்தின் மற்றொரு எழுத்துமுறையான சிரிலிக்குக்கு மாற்றுவதைக் கடைசியில் வையுங்கள். மாற்றும் கருவி அலகுக் குறியீடுகளையும் சேர்த்தே மாற்றிவிடும். அவை லத்தீனிலேயே இருக்க வேண்டும் என்பதால், முன்கூட்டியே பூட்டிவிடுங்கள். 'இன்யெக்தோர்' போன்ற சொற்களில் தனித்தனியாக நிற்க வேண்டிய இரண்டு லத்தீன் எழுத்துகளை அது ஒரே சிரிலிக் எழுத்தாக்கிவிடும். அவற்றைக் கண்ணால் பார்த்துத்தான் பிடிக்க முடியும்.