கண்ணாடியில் ஒட்டிக்கொண்ட பாட்டி

கூடத்தின் வெளிச்சுவரில் மாட்டியிருந்த தாத்தா பாட்டியின் கறுப்பு வெள்ளைப் படம், இரண்டு மழைக்காலங்களுக்குள் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டு, பாட்டியின் மூக்குத்தி இருந்த இடத்தில் ஈரத் திட்டாகப் பளபளத்தது. புகைப்படத் தாளின் மேற்பூச்சு ஜெலட்டின் என்பதால் ஈரம் பட்டால் இளகிப் பசையாகிவிடும். உரித்தெடுக்க முயன்றால் முகமே பெயர்ந்து வரும். ஆகவே பிரிக்காமல், கண்ணாடியோடு சேர்த்தே ஸ்கேன் செய்து புதிய பிரதி எடுத்தேன். இம்முறை படத்துக்கும் கண்ணாடிக்கும் இடையே, நடுவில் சன்னல்போல் வெட்டிய 2 மி.மீ. மவுண்ட் அட்டை வைக்கச் சொன்னேன். சட்டத்தின் பின்புறக் கீழ் மூலைகளில் ரப்பர் குமிழ்கள் ஒட்டியதால் இப்போது காற்று புழங்குகிறது. சாரல் அடிக்காத உட்சுவரில், அண்ணாந்து பார்க்கும்படி அல்லாமல், படத்தின் நடுப்பகுதி தரையிலிருந்து ஏறத்தாழ 150 செ.மீ. உயரத்தில் வருமாறு மாட்டினேன். அசல் படம் கண்ணாடியோடு பீரோவில் இருக்கிறது. கண்ணாடிமேல் சந்தனப் பொட்டு வைப்பதை மட்டும் அம்மா நிறுத்தவில்லை.