மீள்குடியேறின காணியில திரும்பக் கமம் தொடங்கிறது எப்பிடி

2009இல சண்டை முடிஞ்ச பிறகு இலங்கையின்ர வடக்கில, வன்னியில திரும்பி வந்த சனத்துக்கு வீட்டை விட முதல் தேவைப்பட்டது வயல்தான், ஆனா உடன மண்வெட்டியோட இறங்காதேங்கோ. கண்ணிவெடி எடுத்து முடிஞ்ச காணி எண்டு கிராம சேவகரிட்ட கேட்டு உறுதிப்படுத்துங்கோ, சிவப்பு மண்டையோட்டு போர்ட் நிக்கிற பக்கம் விறகு பொறுக்கக்கூடப் போகாதேங்கோ. உழேக்க துருப்பிடிச்ச இரும்பு ஏதும் தட்டுப்பட்டா ட்ராக்டரை நிப்பாட்டி, தொடாமல், வந்த தடத்தாலயே வெளிய வந்து அறிவிக்கோணும்.

அடுத்தது கிணறு. பாழ்பட்ட கிணத்துக்குள்ளயும் வெடிபொருள் கிடந்திருக்கு, அதால வெடி எடுக்கிற ஆக்கள் பாத்த பிறகுதான் இறைக்கோணும். எண்ணெயில ஓடுற வோட்டர் பம்பை கிணத்துக்குள்ள இறக்கி ஓட்டவே வேண்டாம், புகை அடைச்சு ஆள் செத்துப்போகும்.

முதல் மாசமே சட்டிக்கு ஏதாவது வரோணும், அதுதான் என்ர எண்ணம். கீரை 25, 30 நாளில பிடுங்கலாம், வேலியில முருங்கைத் தடி நடுங்கோ, பயறு ரெண்டு மாசத்தில காய்க்கும், அதில நல்ல காயாப் பாத்து முத்தவிட்டு, வெயிலில காயவைச்சு, சாம்பல் கலந்து போத்தலில அடைச்சு வைச்சா அடுத்த விதை கையில இருக்கும்.

நெல்லு, ஐப்பசி மழையோட காலபோகத்துக்கு, அதுதான் மாரி மழையில செய்யிற பெரும்போகத்துக்கு, விதைக்கோணும். உர மானியத்துக்குக் கமநல சேவை நிலையத்தில பதியுங்கோ. காணி பெர்மிட் துலைஞ்சிருந்தா பிரதேச செயலகம்.

கிழமைக்கிழமை கட்டிற மைக்ரோபினான்ஸ் கடனை எடுத்து மட்டும் விதைக்காதேங்கோ. அறுவடை வர மூண்டரை மாசம், கடன்காரன் ஏழாம் நாள் படலையில நிப்பான்.