தாத்தா படங்களுக்கு இரண்டு ஹார்ட் டிஸ்க்

சுங்கை சிப்புட்டில் எங்கள் வீட்டுக் கணினியில் இருந்த ஒரே ஹார்ட் டிஸ்க் போனபோது, தாத்தா ரப்பர் தோட்டத்து லயத்தில் இருந்த காலத்துப் படங்களும் அதோடு போய்விட்டன. அதனால் சொல்கிறேன், மிரர் செய்துவிடுங்கள், அதாவது ஒரே படம் இரண்டு டிஸ்க்கிலும் தானாகவே பதிவாகும்படி வையுங்கள்.

ஒரே அளவில் இரண்டு டிஸ்க் வாங்குங்கள். 4 டிபி (டெராபைட்) இரண்டு போட்டாலும் உங்களுக்குக் கிடைப்பது 4 டிபி-தான், ஏனென்றால் ஒன்றில் எழுதுவதெல்லாம் மற்றதிலும் எழுதப்படும். கணினியை அணைத்து, பிளக்கைப் பிடுங்கி, இரண்டுக்கும் சாட்டா கேபிளும் (தரவு போய்வரும் கேபிள்) பவர் கேபிளும் மாட்டுங்கள். விண்டோஸ் இருக்கும் டிஸ்க்கைத் தொட வேண்டாம்.

அப்புறம் ஸ்டார்ட் மெனுவில் 'ஸ்டோரேஜ் ஸ்பேசஸ்' என்று தேடி, புதிய பூல் (டிஸ்க்குகளை ஒன்றாகச் சேர்க்கும் தொகுப்பு) உருவாக்கச் சொல்லி, அந்த இரண்டு டிஸ்க்கை மட்டும் தேர்ந்தெடுங்கள். இங்கே நிதானம் வேண்டும், தேர்ந்தெடுத்த டிஸ்க்கில் இருப்பதெல்லாம் அழிந்துவிடும். ரெசிலியன்சி என்ற இடத்தில் 'டூ-வே மிரர்' வைத்து உருவாக்கினால் புதிய டிரைவ் ஒன்று வந்துவிடும், படங்களை அதில் போடுங்கள்.

ஒரு டிஸ்க் கெட்டால் அதே பக்கத்தில் எச்சரிக்கை வரும். புதியதைப் பூலில் சேர்த்துவிட்டுப் பழையதை நீக்குங்கள்.

ஆனால் தவறுதலாக ஒரு படத்தை அழித்தால் இரண்டிலும் அழியும், இடி இறங்கினால் இரண்டும் சேர்ந்தே கருகலாம். அதனால் வெளி டிஸ்க் ஒன்றில் மாதம் ஒருமுறை நகலெடுத்து, கணினியிலிருந்து கழற்றி அக்கா வீட்டில் வையுங்கள்.