மட்டக்களப்பு விமான நிலையத்துக்குப் பக்கத்தில் வீடு தேடுவது எப்படி?

இடமாற்றம் கிடைத்து மட்டக்களப்புக்கு வருகிறவர்கள், வெளிநாட்டிலிருந்து திரும்பி வந்து ஊரில் தங்கப் பார்க்கிறவர்கள், விமான நிலையத்திலேயே வேலை கிடைத்தவர்கள் எல்லாரும் கேட்பது ஒரே கேள்விதான்: "எயார்போட் பக்கம் வீடு எடுக்கலாமா? சத்தம் எப்படி?" அந்தப் பக்கத்தில் இரண்டு வாடகை வீடு மாறியவன் என்ற முறையில், முதன்முதலாக வீடு தேடுகிறவருக்கு விளங்குகிற மாதிரி எழுதிப் பார்க்கிறேன்.

முதலில் இடத்தைத் தெரிந்துகொள்ளுங்கள். நமது விமான நிலையம் ஊருக்கு வெளியே எங்கோ காட்டுக்குள் இல்லை. புதூர், திமிலைதீவுப் பக்கத்தில், வாவி சுற்றி வளைத்த நிலத்தில், நகரத்தோடு ஒட்டியே கிடக்கிறது. 1958இல் எயார் சிலோன் காலத்தில் தொடங்கியது. பிறகு நீண்ட காலம் விமானப்படையின் கையில் இருந்தது. 2016இல் பொதுப் பயணத்துக்குத் திரும்பத் திறந்தார்கள். 2018 மார்ச்சில் சர்வதேச விமான நிலையம் என்று அறிவித்தார்கள். பெயர் பெரியதுதான். ஆனால் கட்டுநாயக்கா மாதிரி நாள் முழுக்க ஏறி இறங்குகிற இடமென்று நினைத்துப் பயந்துவிடாதீர்கள்.

படி 1: எதற்காகப் பக்கத்தில் இருக்க வேண்டும் என்று கேளுங்கள்

நீங்கள் அங்கே வேலை செய்கிறவர் என்றால் சரி. "அடிக்கடி கொழும்பு போகவேண்டி வரும்" என்பதுதான் காரணம் என்றால் கொஞ்சம் யோசியுங்கள். இங்கிருந்து கொழும்பு போகிறவர்களில் பெரும்பாலானோர் ரயிலில், இரவு பஸ்ஸில், வாடகை வானில்தான் போகிறார்கள். வெளிநாடு போவதென்றாலும் இரவோடு இரவாக வானில் கட்டுநாயக்காதான். அப்படிப்பட்டவருக்கு ரயில் நிலையமும் பஸ் நிலையமும் எவ்வளவு தூரம் என்பதே முக்கியம். நல்ல காலம், புதூர்ப் பக்கத்திலிருந்து ரயில் நிலையமும் கிட்டத்தான்.

படி 2: வரைபடத்தில் ஒரு கோடு இழுங்கள்

போனில் கூகிள் மேப்பைத் திறந்து செய்மதிப் படத்துக்கு மாற்றுங்கள். ஓடுபாதை நீளமாகத் தெரியும். அதன் இரண்டு முனையிலிருந்தும் நேராக நான்கைந்து கிலோமீற்றர் வரை மனதில் ஒரு கோட்டை நீட்டுங்கள். சத்தம் அந்தக் கோட்டின் மேலேதான் வரும். ஓடுபாதைக்குப் பக்கவாட்டில் 1 கிலோமீற்றரில் இருக்கும் வீட்டைவிட, கோட்டுக்கு நேர் கீழே 3 கிலோமீற்றர் தள்ளியிருக்கும் வீட்டில் அதிகமாகக் கேட்கலாம். "எவ்வளவு தூரம்" என்று மட்டும் கேட்கிறவர்கள் இந்த இடத்தில்தான் ஏமாறுகிறார்கள்.

ஓடுபாதையின் முனையில் இரண்டு இலக்க எண் ஒன்று எழுதியிருக்கும். அதைப் பத்தால் பெருக்கினால் திசைகாட்டியின் பாகை வரும். 06 என்றால் 60 பாகை, அதாவது ஏறக்குறைய வடகிழக்கு. அதன் மறுமுனை 24, அதாவது தென்மேற்கு. இரண்டு எண்ணுக்கும் எப்போதும் 18 வித்தியாசம்.

இனிக் காற்று. விமானம் காற்றை எதிர்த்துத்தான் ஏறும், காற்றை எதிர்த்துத்தான் இறங்கும். வாடை அடிக்கும் கார்த்திகை, மார்கழி, தை மாதங்களில் காற்று வடகிழக்கிலிருந்து வருவதால் விமானம் வடகிழக்கு முகமாக ஏறும். தென்மேற்கிலிருந்து கச்சான் காற்று அடிக்கும் காலத்தில் தலைகீழாக மாறும். ஆகவே தையில் வீடு பார்த்து "ஒரு சத்தமும் இல்லையே" என்று முடிவெடுத்தவர் ஆடியில் வேறு கதை சொல்லலாம். கச்சான் மாதங்களிலும் பின்நேரம் கடற்காற்று கிளம்பினால் திசை மாறும், அதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

விமானம் எவ்வளவு உயரத்தில் போகும்? இறங்கும்போது பொதுவாக 3 பாகைச் சரிவில் வரும். ஒரு கிலோமீற்றருக்குச் சுமார் 52 மீற்றர் என்று கணக்கு. ஓடுபாதை முனையிலிருந்து 2 கிலோமீற்றர் தள்ளி, கோட்டுக்கு நேர் கீழே இருக்கும் கூரைக்கு மேலே 100 மீற்றருக்குச் சற்றுக் கூடுதலான உயரம். நல்ல வளர்ந்த தென்னை ஐந்தை ஒன்றன்மேல் ஒன்றாக நிறுத்தியது போல. ஏறும்போது இதைவிட வேகமாக உயரும், ஆனால் இஞ்சின் முழு இழுவையில் இருப்பதால் சத்தமும் கூட.

படி 3: பாலங்களை எண்ணுங்கள்

இந்த ஊரில் கிலோமீற்றர் ஒரு கணக்கு, பாலம் இன்னொரு கணக்கு. மட்டக்களப்பு வாவி ஏறாவூர்ப் பக்கமிருந்து கல்முனைப் பக்கம் வரை 50 கிலோமீற்றருக்கு மேல் நீண்டு கிடக்கிறது. நேரே பார்த்தால் கைக்கெட்டும் தூரத்தில் தெரியும் கரைக்குச் சுற்றிக்கொண்டுதான் போகவேண்டும்.

விமான நிலையத்தை ஒட்டியவை புதூர், திமிலைதீவு, சேத்துக்குடா, வீச்சுக்கல்முனை. சைக்கிளில் போகலாம். வாடகை நகரத்தின் நடுவைவிட இறங்கித்தான் இருக்கும். வளவு பெரிது, மரம் இருக்கும், நுளம்பும் இருக்கும்.

மேற்கே வலையிறவுப் பாலத்தைத் தாண்டினால் வவுணதீவு. அது படுவான்கரை, அதாவது வாவியின் மேற்குக் கரை. வயலும் மாடுமாக விசாலமான இடம், காணி மலிவு. ஆனால் பிள்ளைகளின் ரியூசன், இரவில் மருந்துக் கடை, கடைசி பஸ் எல்லாவற்றையும் முதலே விசாரியுங்கள்.

நகரத்துக்குள் கோட்டைமுனை, புளியந்தீவு. பாடசாலை, கந்தோர், போதனா வைத்தியசாலை என்று எல்லாமே கிட்ட. வாடகையும் அதற்கேற்ற மாதிரித்தான்.

தெற்கே கல்லடிப் பாலம் தாண்டினால் கல்லடி, நொச்சிமுனை, நாவற்குடா. 1924ஆம் ஆண்டின் ஒற்றை வழி இரும்புப் பாலம் மட்டும் இருந்த காலத்தில், ஒரு பக்கம் வாகனம் வரும்வரை மறுபக்கம் காத்து நிற்கவேண்டும். 2013இல் புதுப் பாலம் திறந்த பிறகு அந்தத் தொல்லை இல்லை. எனக்குப் பிடித்த பக்கம் கல்லடிதான், மறைக்கவில்லை. கடற்கரை கிட்ட, கடைகள் அதிகம், விமான நிலையத்துக்கும் ஆட்டோவில் சுருக்காகப் போய்விடலாம். ஆனால் கடலுக்கும் வாவிக்கும் நடுவில் கிடக்கும் ஒடுங்கிய நிலம் அது. 2004 சுனாமியில் கடலோரப் பக்கம் பட்ட பாட்டை அங்கே யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

படி 4: மாரியில் ஒரு முறை போய்ப் பாருங்கள்

இதற்குத்தான் நான் அதிக நேரம் எடுக்கச் சொல்வேன். சேத்துக்குடாவில் வீடு பார்க்கப் போன அன்று பக்கத்து வளவு அம்மம்மாவிடம் விமானச் சத்தம் பற்றிக் கேட்டேன். "பிளேன் வந்தா புள்ளைகள் ஓடிப்போய்ப் பாக்கும் மனே, அவ்வளவுதான். தண்ணி வந்தா நாங்கதான் ஓடணும்" என்றார். பிறகு தன் வீட்டுச் சுவரைக் காட்டினார். முழங்காலுக்குச் சற்று மேலே பழுப்பு நிறத்தில் ஒரு கோடு. 2011 தை வெள்ளத்தில் நின்ற மட்டம்.

விமான ஓடுபாதைக்கு மட்டமான, திறந்த நிலம் வேண்டும். இங்கே அப்படிப்பட்ட நிலம் வாவிக் கரையில்தான் கிடைத்தது. ஆகவே ஓடுபாதைக்கு அண்மையில் உள்ள காணிகளில் பலவும் தாழ்வானவை. மழை பெய்தால் மட்டும் வெள்ளம் வருவதில்லை. மேற்கே குளங்கள் நிரம்பி வான் பாய்ந்தால் அந்தத் தண்ணியும் வாவிக்குத்தான் வரும். வாவியின் வாய் மணல் மூடிக் கிடந்தால் தண்ணி கடலுக்குப் போக வழியில்லை. அப்போது முகத்துவாரத்தை வெட்டிவிட வேண்டும். "முகத்துவாரம் வெட்டியாச்சா?" என்று அயலவர்கள் விசாரிக்கிற ஒழுங்கை என்றால், அது தண்ணி ஏறுகிற ஒழுங்கை என்று புரிந்துகொள்ளுங்கள்.

பார்க்க வேண்டியவை:

- சுவரிலும் மதிலிலும் தண்ணிக் கோடு. புதிதாக வெள்ளை அடித்த வீடு என்றால் மலசலகூடத்தின் பின்சுவரைப் பாருங்கள். அங்கே யாரும் வெள்ளை அடிப்பதில்லை.
- வீட்டு நிலமட்டம் தெருவைவிட உயரமா? தெருவை ஒவ்வொரு முறையும் உயர்த்திப் போட்டுப் போட்டு, பழைய வீடுகள் குழிக்குள் போனது மாதிரி ஆகிவிட்டன.
- பக்கத்து மதகு எங்கே போய் விழுகிறது? வாயில் பிளாஸ்டிக் போத்தலும் ஆற்றுவாழையும் அடைத்திருந்தால் அது மார்கழியில் வேலை செய்யாது.
- மலக்குழி கிணற்றிலிருந்து எவ்வளவு தள்ளி இருக்கிறது?

மாரிவரை காத்திருக்க முடியாதவர் கிராம சேவகரிடம் கேளுங்கள். எந்த ஒழுங்கைக்குச் சமைத்த சாப்பாடு கொடுத்தார்கள், எந்தப் பக்கத்து ஆட்கள் பாடசாலையில் தங்கினார்கள் என்று அவருக்குத் தெரியும். வீட்டுக்காரர் சொல்லமாட்டார்.

படி 5: தண்ணியைக் குடித்துப் பாருங்கள்

வாவிக்குக் கிட்டப் போகப் போகக் கிணற்றுத் தண்ணி சவராகும். ஆடி, ஆவணி வெயிலில் இன்னும் கூடும். ஒரு மிடறு குடித்தால் போதும், தெரிந்துவிடும். உன்னிச்சைக் குளத்துத் தண்ணி குழாயில் வருகிறதா, வந்தால் எந்த நேரம் நூலாக ஒழுகுகிறது என்று பக்கத்து வீட்டில் கேளுங்கள்.

படி 6: மூன்று நேரம் போய் நில்லுங்கள்

விடியற்காலை, மத்தியானம், இரவு. விமானம் வரும் நேரத்தை முதலே விசாரித்து, அந்த நேரத்தில் வீட்டுக்குள்ளே நின்று கேளுங்கள். ஜன்னலைச் சாத்திவிட்டுச் சோதிக்காதீர்கள். நம் வெக்கையில் யார் சாத்திக்கொண்டு இருக்கிறார்கள்? வருவதெல்லாம் பெரும்பாலும் சிறிய விமானங்கள். விமானப்படையின் ஹெலிகொப்டரும் சில வேளை போகும். தொட்டிலில் பிள்ளை இருக்கிற வீடென்றால் ஹெலிகொப்டரைத்தான் கணக்கில் எடுங்கள். கூரையையும் பாருங்கள். தகரக் கூரையில் மார்கழி மழை விழும் சத்தத்துக்கு முன்னால் எந்த விமானமும் ஒன்றுமில்லை.

படி 7: வாங்கவோ கட்டவோ போகிறீர்களா?

வாடகைக்கு என்றால் இதைத் தாண்டிப் போகலாம். வாங்குகிறவர்கள் மட்டும் நில்லுங்கள்.

விமான நிலையத்தைச் சுற்றி உயரக் கட்டுப்பாடு உண்டு. ஓடுபாதையின் பக்கத்திலும் முனையிலும் கண்ணுக்குத் தெரியாத சரிவு ஒன்று விரிந்திருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். எந்தக் கட்டடமும் கோபுரமும் அதைக் குத்திக்கொண்டு மேலே போகக்கூடாது. சர்வதேச விதியில் பெரிய ஓடுபாதைகளுக்குப் பக்கச் சரிவு 7 மீற்றருக்கு 1 மீற்றர். சற்றுத் தள்ளிப் போனால் ஓடுபாதை மட்டத்திலிருந்து 45 மீற்றரில் ஒரு தட்டைக் கூரை. சாதாரண மாடி வீட்டுக்கு 45 மீற்றர் பிரச்சினையே இல்லை. வேலியோரக் காணியில்தான் சிக்கல். அங்கே இரண்டாம் மாடியும் தண்ணித் தாங்கியும் மட்டுமல்ல, வளர்ந்த தென்னையும் தடைதான். மாநகர சபையில் வரைபடம் கொடுக்கும் முன் சிவில் விமானப் போக்குவரத்து அதிகார சபையின் உயர அனுமதி வேண்டுமா என்று கேட்டு எழுத்தில் வாங்குங்கள். வாவிக் கரையோரம் என்றால் கரையோரம் பேணல் திணைக்களத்தையும் கேட்க வேண்டும்.

அடுத்தது பத்திரம். உறுதிக் காணியா, அரச அனுமதிப்பத்திரக் காணியா? அனுமதிப்பத்திரக் காணியை நினைத்தபடி விற்க முடியாது, பிரதேச செயலாளரின் சம்மதம் வேண்டும். "எல்லாம் சரி தம்பி, பிறகு மாத்தலாம்" என்கிற காணிக்கு அட்வான்ஸ் கொடுக்காதீர்கள். காணிப் பதிவகத்தில் பழைய பதிவுகளைத் தேடிப் பார்க்கச் சட்டத்தரணிக்குக் கொடுக்கும் காசு வீண் இல்லை.

படி 8: யாரோடு ஒப்பந்தம் எழுதுகிறீர்கள்?

வெளியூர்க்காரருக்கு இது புதிதாக இருக்கும். மட்டக்களப்பில் வீடு வளவு பெரும்பாலும் பெண்ணுக்குச் சீதனமாகப் போகிறது. ஒரே வேலிக்குள் அக்கா, தங்கை வீடுகள் அடுத்தடுத்து இருக்கும். ஆகவே வீட்டைக் காட்டி விலை பேசுகிறவர் கணவராக இருக்கலாம், உறுதி மனைவியின் பேரில் இருக்கும். நான் முதல் வீட்டுக்குக் கணவரோடு எழுதிவிட்டேன். ஏழாம் மாதம் அவருடைய மனைவி வெளிநாட்டிலிருந்து வந்து, "என்ட வீட்ட யாரு குடுத்த?" என்று வாசலில் நின்றார். அவர் பக்கம்தான் நியாயம். மாதம் முடிய முன் சாமானைக் கட்டினேன். அன்றிலிருந்து உறுதியின் பிரதியைப் பார்க்காமல் நான் கையெழுத்து வைப்பதில்லை.

உறுதி யார் பேரில் இருக்கிறதோ அந்தப் பெண்ணோடு உட்கார்ந்து பேசினால் இன்னொரு நன்மையும் உண்டு. கிணறு எந்த மாதம் வற்றும், எந்தச் சுவரில் தண்ணி ஏறும் என்பதெல்லாம் அவருக்குத்தான் தெரியும்.

படி 9: திறப்பு வாங்கும் நாள்

கரண்ட் மீற்றர், தண்ணி மீற்றர் இரண்டையும் போனில் படம் எடுங்கள். சுவரில் உள்ள தண்ணிக் கோட்டையும், ஓட்டில் உள்ள வெடிப்பையும், கதவின் அடியில் உப்பி நிற்கும் பலகையையும் எடுங்கள். எடுத்த படங்களை அன்றைக்கே வீட்டுக்காரருக்கு வட்ஸ்அப்பில் அனுப்பி, "பார்த்தேன்" என்று ஒரு பதில் வாங்குங்கள். முற்பணத்தைத் திருப்பிக் கேட்கும் நாளில் "இந்தப் பலகை நீங்கள் இருக்கும்போதுதான் உப்பினது" என்று யாரும் சொல்ல முடியாது.